எல்லாரும் கையைக் காட்டுங்க

செய்தி எனக்கு அச்சுத் தாளில் வந்தது.

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஓர் அச்சகத்தில் நான் வேலை பார்க்கிறேன். முதலில் ஈய எழுத்துகளைக் கோர்த்தேன். கம்ப்யூட்டர் வந்த பிறகு பிழை திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி என்று எதுவானாலும் என் கண்ணைக் கடந்துதான் வெளியே போகும். போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு சுவரொட்டித் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். கண்ணீர் அஞ்சலி என்றால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்தைப் பார்க்க மாட்டேன். பார்த்தால் மனசு வேலையில் நிற்காது. முதலில் நேரம், பிறகு இடம், கடைசியில்தான் பெயர். அன்றும் அப்படியே வந்தேன். நேரம் சரி, இடம் சரி. பெயர் இருந்த இடத்தில் டாக்டர் கிரேஸ் மனோரஞ்சிதம் என்று இருந்தது.

வேறு யாராவது ஒரு மனோரஞ்சிதமாக இருக்கக் கூடாதா என்றுதான் படத்தைப் பார்த்தேன். அதே தடித்த கண்ணாடி, அதே முறைப்பு. படம் எடுக்க வந்தவரையும் “கையைக் காட்டு” என்று அதட்டியிருப்பார் போல. தாளில் எந்தப் பிழையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மிஷின் ரூமுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

சுவரொட்டியில் அவரைக் குழந்தை நல மருத்துவர் என்று போட்டிருந்தார்கள். அது சரிதான். ஆனால் காட்டுப்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி வரைக்கும் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். கை காட்டு டாக்டரம்மா என்று சொல்லுங்கள், ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுபோய் விடுவார். நினைவுக் கூட்டத்தில் கொடுப்பதற்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், அதில் நீங்களும் எழுதுங்கள் என்று டாக்டரின் தங்கை என்னிடம் கேட்டார். மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்தே பிழைப்பை ஓட்டியவள் நான். என் எழுத்தை யார் திருத்துவார்கள் என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியாது. என் மகள் என் மார்பில் பால் குடித்து வளர்ந்தாள் என்றால் அது டாக்டரால்தான்.

அவரைத் தெரியாதவர்களுக்காக முதலில் அவருடைய கிளினிக்கைச் சொல்கிறேன். டிரங்க் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் ஓட்டு வீடு. முன்னறையில் இரண்டு பெஞ்ச், உள்ளறையில் ஒரு மேசை, மேசை மேல் துணி போட்டு மூடிய ஒரு பழைய மைக்ராஸ்கோப், அதன் பக்கத்தில் எப்போதும் ஒரு பொட்டலம் வேர்க்கடலை. பேஷன்ட் இல்லாத நேரத்தில் கடலை உரித்துக்கொண்டிருப்பார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். குழந்தையைப் பிள்ளை என்றுதான் சொல்வார். கையெழுத்து கண்ராவி. எங்கள் அச்சகத்தில் எப்பேர்ப்பட்ட கிறுக்கலையும் படிக்கிற ஆட்கள் உண்டு, அவர்களே அவருடைய சீட்டைப் பார்த்துக் கையை விரித்திருக்கிறார்கள்.

உடம்பில் தடிப்பு, அரிப்பு என்று ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால், குழந்தையை உடனே பார்க்க மாட்டார். “இந்தப் பிள்ளையை யார் யார் தூக்குறீங்க?” என்று கேட்பார். தூக்குகிற அத்தனை பேரும் வரிசையாக நிற்க வேண்டும். முதலில் தன் இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களை விரித்து, திருப்பித் திருப்பிக் காட்டுவார். “இது என் கை. பாத்துக்கிட்டீங்களா? இப்ப எல்லாரும் கையைக் காட்டுங்க” என்பார். இப்படி ஒரு டாக்டரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் காட்டுப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் ஏழுமலை அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். என் மாமியார் காசியம்மாள் கல்யாணம் ஆன நாளிலிருந்து வயலில் நாற்று நட்டு மகனை ஆளாக்கியவர். நான்காவது ஆள் எங்கள் மகள் கலைச்செல்வி. மூன்று மாசம் வீட்டில் இருந்துவிட்டு நான் அச்சகத்துக்குத் திரும்பினேன். குழந்தையை மாமியார் பார்த்துக்கொண்டார். குறை சொல்லக் கூடாது, கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்துக்கொண்டார். காலை நீட்டி உட்கார்ந்து, காலில் குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, கன்னத்தில் ஒரு பொட்டும் உள்ளங்காலில் ஒரு பொட்டும் வைத்து என்னிடம் தருவார். பொட்டு கடைப் பொட்டு அல்ல. ஜவ்வரிசியைக் கருக வறுத்துக் காய்ச்சி, கொட்டாங்குச்சியில் ஊற்றிக் காயவைத்த சாந்து. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் கரிய மை போல வரும்.

நான் வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் குழந்தையின் உடம்பில் சிவப்புப் பொரிகள் கிளம்பின. அக்குள், வயிறு, கழுத்து, அப்புறம் முகம். குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தது. பால் குடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு முகத்தை என் மேல் வைத்துத் தேய்க்கும். படுக்கவைத்தால் கால் இரண்டையும் ஒன்றோடு ஒன்று உரசும். முதலில் அம்மை என்றார்கள். வேப்பிலை செருகி, தாளிப்பு இல்லாமல் சமைத்து, யாரையும் உள்ளே விடாமல் இருந்தோம். தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகும் பொரி போகவில்லை. அடுத்து, கரப்பான் என்கிற தோல் நோய் என்றார்கள். கரப்பான் என்றால் தாய்க்குப் பத்தியம். கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, கடலை கூடாது, எனக்கு மிளகு ரசம் மட்டும். மருந்துக் கடையில் ஒரு டியூப் கொடுத்தார்கள். பூசினோம். நாலு நாள் அடங்கினாற்போல அடங்கி, இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. ஆவடியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு சோப்பை மாற்றச் சொன்னார். மாற்றினோம். சோப்பு வாசனையாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் பேச்சு என் பக்கம் திரும்பியது. ஒரு நாள் மாமியார் என் கணவரிடம், நான் அடுப்படியில் இருப்பது தெரிந்தே சொன்னார்.

“ஈயத்தத் தொட்டு வேல செய்யிற பொம்பள. அது ரத்தத்துல எறங்கி பாலுல வருது. அவ வேலைக்குப் போனப்புறந்தானே இதெல்லாம்? புள்ளைக்கு அவ பாலு ஆவல ஏழுமல. நிறுத்திட்டு டப்பா பாலு குடு.”

“டாக்டர் எதனா சொன்னாரா இப்டி?” என்று அவர் கேட்டார்.

“டாக்டருக்கு இன்னா தெரியும்? பெத்து வளத்தவளுக்குத் தெரியாதா?”

சண்டை போட்டிருப்பேன். வாய் இல்லாதவள் அல்ல நான், அச்சகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் அன்று வாய் திறக்கவில்லை. காரணம் இருந்தது. என் மார்புக் காம்பைச் சுற்றி எனக்கும் பொரிப்பொரியாக வந்து அரித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பால் வருகிற இடத்திலேயே இப்படி இருக்கிறதே, அத்தை சொல்வது நிஜம்தான் போலிருக்கிறது, நான்தான் என் பிள்ளைக்கு விஷம் ஊட்டுகிறேன் என்று நம்பினேன். ஈய எழுத்தைத் தொட்ட விரல்களைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மாமியார் டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மாவு என்று கேட்பதற்காகத்தான் டாக்டர் மனோரஞ்சிதத்திடம் போனோம், அதற்கு மேல் எந்த எண்ணமும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், அன்று அவர் அளவைச் சொல்லி அனுப்பியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரில் பாதி டாக்டர்கள் அதைத்தான் செய்திருப்பார்கள்.

“டப்பா பாலு எப்டி கலக்கணும்னு எழுதிக் குடும்மா. இவ பாலு புள்ளைக்கு ஒத்துக்கல” என்றார் மாமியார், உட்காருவதற்கு முன்பே.

டாக்டர் உரித்த கடலையை வாயில் போட்டுக்கொண்டார். “டப்பா எங்கயும் ஓடிப் போகாது. பிள்ளையை யார் யார் தூக்குறீங்க?”

“நாங்க மூணு பேருதான்.”

“சரி. இது என் கை. இப்ப எல்லாரும் கையைக் காட்டுங்க.”

மாமியார் நீட்டினார். நான் நீட்டினேன். என் கணவர் மட்டும் கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

“தம்பி, உன் கையை வீட்டுல வச்சிட்டு வந்துட்டியா?”

வெளியே எடுத்தார். விரல் இடுக்குகளிலும் மணிக்கட்டிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள், சொறிந்த காயங்கள். நான் பார்த்திருந்த கைதான். எண்ணெய்க் கறை படிந்த கையை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

“அது கம்பெனி ஆயில் டாக்டர். லேத்துல பட்டு பட்டு இப்டி ஆவும். எங்க ஷிப்டுல பாதிப் பேருக்கு கீது.”

“பாதிப் பேருக்கா? எப்ப அரிக்கும், மிஷின்கிட்ட நிக்கும்போதா?”

“இல்ல. ஊட்டுக்கு வந்து படுத்தாதான்.”

“ஆயில் கம்பெனியில இருக்கு. அரிப்பு வீட்டுல இருக்கு. என்னைக்காவது யோசிச்சியா?”

அவர் தன் கையையே திருப்பிப் பார்த்துக்கொண்டார். டாக்டர் மாமியாரின் கண்ணாடி வளையல்களை மேலே தள்ளினார். அங்கேயும் இருந்தது. “வயசானா தோலு ஊறும்மா” என்றார் மாமியார், கொஞ்சம் குரல் இறங்கி. டாக்டர் இருவரையும் முன்னறையில் உட்காரச் சொல்லிவிட்டு, கதவை ஒருக்களித்து, என்னிடம் மெதுவாகக் கேட்டார். “பால் குடுக்குற இடத்துல உனக்கு ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லு, வெக்கப்படாத.”

அத்தனை நாளும் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துவிட்டது. சொன்னேன். என் பாலே கெட்டுப்போச்சா டாக்டர் என்றும் கேட்டேன். அவர் “முதல்ல பிள்ளையைப் பாப்போம்” என்று மற்ற இருவரையும் திரும்ப உள்ளே கூப்பிட்டார்.

குழந்தையின் சட்டையைக் கழற்றி, லென்ஸ் வைத்து அக்குளைப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார். காலை உரசிக்கொள்ளாமல் இருக்க மாமியார் குழந்தைக்குக் காலுறை போட்டிருந்தார். அதைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பினார். நடுப் பாதத்தில் எட்டணாக் காசு அளவுக்குக் கறுப்புப் பொட்டு.

“இது?”

“திஷ்டிக்கு” என்றார் மாமியார். “டெய்லி வெப்பேன்.”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்கள் உண்டு, வயிற்றைப் பார்த்தவர்கள் உண்டு. உள்ளங்காலை யாரும் பார்த்ததில்லை, நான் உட்பட. அங்கே பொட்டு இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் பார்க்கவில்லை. டாக்டர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பொட்டைத் துடைத்தார். கறுப்பு வந்தது. அடியில் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளங்கள். இன்னொரு பஞ்சு எடுத்துத் துடைத்தார். பாதம் வெளுத்தது. ஆனால் ஒரு கோடு மட்டும் போகவில்லை. தலைமுடி ஒன்று வளைந்து கிடப்பது போல மெல்லிய கறுப்புக் கோடு. அழுத்தித் துடைத்தார். அப்போதும் அது அப்படியே இருந்தது.

டாக்டர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அம்மா, நான் பேனா மையைத் தடவி ஒரு சோதனை பண்ணுவேன். நீங்க அதைச் சாந்து வச்சு வீட்டுலயே பண்ணிட்டீங்க.”

எங்களுக்குப் புரியவில்லை. அவர் தன் இங்க் பேனாவைத் திறந்து என் கணவரின் விரல் இடுக்கில் மையைத் தடவி, ஸ்பிரிட்டால் துடைத்துக் காட்டினார். அங்கேயும் ஒரு நீலக் கோடு மிஞ்சியது. “கண்ணுக்குத் தெரியாத பூச்சி. தோலுக்குள்ள சுரங்கம் தோண்டி முட்டை வைக்கும். மை மேல இருந்தா துடைச்சாப் போயிடும், சுரங்கத்துக்குள்ள போனா போகாது. பெரியவங்களுக்கு விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு. கைப்பிள்ளைக்கு அப்படி இல்ல. உள்ளங்கால், உள்ளங்கை, முகம், தலைன்னு எங்க வேணாலும் வரும். அதனாலதான் கரப்பான்னு ஆளாளுக்கு ஏமாந்துபோறது. கடை டியூப் வேற பூசியிருக்கீங்க, அது அரிப்பை அமுக்கிட்டுப் பூச்சியை வளக்கும்.”

“இன்னா நோவும்மா இது, பேரு சொல்லு” என்றார் மாமியார்.

“சொறி.”

மாமியார் எழுந்து நின்றுவிட்டார். “எங்க ஊட்லயா? டெய்லி குளிப்பாட்டி சாம்பிராணி போடறேன். ஒரு ஊசிக் குப்ப இருக்காது எங்க ஊட்ல. சொறின்னுட்டியே.”

“குளிக்கிறவங்களுக்கும் வரும். பங்களாவுல இருக்கிறவங்களுக்கும் வரும். ஆசையாத் தூக்கி, பக்கத்துல போட்டுப் படுத்துக்கிற வீட்டுலதான் இது சுலபமாப் பரவும். அதுல என்ன மானக்கேடு?” என்று சொல்லிக்கொண்டே, பாதத்தின் கோட்டின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பிளேடால் நோகாமல் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கொஞ்ச நேரம் அதைத் திருகினார். “எல்லா நேரமும் பூச்சி மாட்டாது. இன்னைக்கு மாட்டியிருக்கு. வந்து பாருங்கம்மா.”

நாற்று நட்ட அந்த அம்மாள் வாழ்நாளில் முதல் முறையாக மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தார். வெகு நேரம் எடுக்கவில்லை.

“ஐயே. நண்டு மாரி கீது. கால ஆட்டுது.”

“அது ஈயமா?”

மாமியார் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் குனிந்து பார்த்தார்.

“அது பால்ல வந்ததா?”

டாக்டர் குழந்தையை எடுத்து என் மடியில் வைத்தார். பிறகு, மாமியாருக்கும் என் கணவருக்கும் கேட்கிற குரலில் சொன்னார். “உன் பால்ல ஒரு குறையும் இல்ல. பிள்ளைக்கு இப்ப அதைவிட நல்லது இந்த ஊர்ல எந்தக் கடையிலயும் கிடையாது. வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கையைக் கழுவிட்டுத் தூக்கு. ஈயத்துக்கு அது போதாதுன்னு தோணினா வந்து கேளு. ஆனா பாலை நிறுத்தாத. நிறுத்தச் சொல்றவங்களை என்கிட்ட அனுப்பு.”

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. தலையில் இருந்த கூடையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது என்றுதான் சொல்ல வருகிறது. குழந்தைக்கு இருப்பது சொறி என்று ஒரு டாக்டர் சொன்னதற்காக சந்தோஷத்தில் அழுத தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று என் கணவர் கேட்டார். டாக்டர் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு, “அது என் கேஸ் இல்ல. கூப்பிடாம வந்த விருந்தாளி. நாலு பேரும் ஒரே நேரத்துல சேர்ந்து அனுப்பினாத்தான் போகும். ஒருத்தர் விட்டாலும் திரும்பி வரும்” என்றார். பிற்பாடு எத்தனையோ வீட்டுக்காரர்கள் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் யாரையும் கை காட்டியதில்லை.

கந்தகக் களிம்பு கொடுத்தார். சாயங்காலம் விளக்கு வைத்ததும் நாலு பேரும் பூசிக்கொண்டோம். பெரியவர்கள் கழுத்துக்குக் கீழே, குழந்தைக்கு மட்டும் கண்ணையும் வாயையும் விட்டு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை. பாய், போர்வை, துணி அத்தனையையும் கொதிக்கவைத்து வெயிலில் போட்டோம். வீடு முழுக்க தீபாவளி வாசனை. என்ன, தீபாவளிக்கு முன்னாலேயே பட்டாசா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். மாமியார் ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் அத்தோடு முடியவில்லை. முதல் பூச்சு முடிந்து சில நாள் ஆகியும் குழந்தை காலை உரசுவதை நிறுத்தவில்லை. பொரி காயவில்லை. மாமியார் வாயால் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அலமாரியிலிருந்த டப்பா அடுப்பு மேடைக்கு வந்துவிட்டது. டாக்டர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். பூச்சி செத்தாலும் அரிப்பு உடனே சாகாது, ரெண்டு மூணு வாரம் பிள்ளை சொறியும், அப்ப யாராவது ஏதாவது சொல்வாங்க, காதுல வாங்காத என்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நாட்களைத் தள்ளினேன். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் அந்த வாக்கியத்தை மனசுக்குள் அச்சுக் கோர்ப்பது போல எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொள்வேன்: உன் பால்ல ஒரு குறையும் இல்ல.

அடுத்த வாரம் களிம்பை இன்னொரு சுற்றுப் பூசச் சொல்லியிருந்தார். பூசினோம். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், குழந்தை பாலைக் கடைசி வரைக்கும் குடித்துவிட்டு, வாயை எடுக்காமலே தூங்கிப்போனது. கால் அசையவில்லை. நான் எழுந்தால் விழித்துக்கொள்ளுமோ என்று முதுகு வலிக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாமியார் வந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். கொப்புளங்கள் காய்ந்து தோல் உரிந்திருந்தது. உள்ளே போய், ஒரு தட்டில் சோறு போட்டு, கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பை ஊற்றி என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

“தின்னு. பாலு ஊறட்டும்” என்றார்.

மன்னிப்பு என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. எனக்கு அந்தக் குழம்பு போதுமாக இருந்தது. டப்பா மாவு டீயில் கரைந்து தீர்ந்தது. சுமாரான டீ.

டாக்டர் என் கணவரையும் விடவில்லை. “அந்தப் பாதிப் பேர் எங்க?” என்று ஆள் விட்டுக் கேட்டார். ஒரு சனிக்கிழமை என் கணவர் தன் ஷிப்டு ஆட்கள் எட்டுப் பத்துப் பேரை, பெண்டாட்டி பிள்ளைகளோடு, அழைத்துக்கொண்டு போனார். மீசை வைத்த ஆட்கள் குழந்தைகள் கிளினிக் பெஞ்சில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. எல்லாருக்கும் ஆயில்தான் என்று நினைத்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் வீட்டுக் குழந்தைகளுக்கும் கரப்பான் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளினிக் சுவரில் ஒட்ட ஒரு தாள் அச்சடித்துத் தரும்படி என்னிடம் கேட்டார். நான் சொறி நோய் எச்சரிக்கை என்று கொட்டை எழுத்தில் கோர்த்துக் கொண்டுபோனேன். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இதைப் படிச்சா கையைப் பின்னால கட்டிக்குவாங்க. எடுத்துடு.” அப்புறம் அவரே சொன்னதுதான், பூந்தமல்லியில் பல பேர் பார்த்த அந்தத் தாள். ஒரு குழந்தையின் பாதம், பக்கத்தில் ஒரு பெரியவர் கை. மேலே, பிள்ளைக்கு அரிப்பா, எல்லாரும் கையைக் காட்டுங்க. அவ்வளவுதான்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போன ஒரு மழை நாளில்தான் கேட்டேன், ஏன் டாக்டர் நீங்கள் முதலில் உங்கள் கையைக் காட்டுகிறீர்கள் என்று. மழையில் பேஷன்ட் யாரும் வரவில்லை. கடலைப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.

“படிச்சு முடிச்ச புதுசு. ஒரு பிள்ளையை கரப்பான்னே நினைச்சு ரொம்ப நாள் வைத்தியம் பாத்தேன். தினம் தூக்குவேன், அது சிரிக்கும். ஒரு நாள் எனக்கே விரல் இடுக்குல அரிக்க ஆரம்பிச்சுது. அப்பத்தான் தெரிஞ்சுது. படிச்ச படிப்பு சொல்லித் தரலை, அரிப்பு சொல்லித் தந்துது. கையை மறைச்சுக்கிட்டு நின்ன அந்த ரெண்டு நாள் எனக்கு எப்படி இருந்துதுன்னு தெரியும். அதனால நான் முதல்ல காட்டிடறது. அப்புறம் யாருக்கும் கூச்சம் இருக்காது பாரு.”

அதைச் சொல்லும்போதும் கடலை உரித்துக்கொண்டுதான் இருந்தார்.

கோபக்காரர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். உண்மைதான். கடை டியூபோடு வந்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போவதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு தாயை அவர் திட்டி நான் கேட்டதில்லை. என் மாமியாருக்கும் அவருக்கும் பிற்பாடு ஒரு தோழமை வந்துவிட்டது. மாமியார் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாவு வீட்டுக்குப் போனாலும் கைக்குழந்தையைக் கண்டால் விட மாட்டார், காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிடுவார். சந்தேகம் என்றால் அந்தத் தாயின் கையைப் பிடித்து கிளினிக்குக்கே இழுத்துக்கொண்டு போவார். “உங்க மாமியாருக்கு நான் சம்பளம் குடுக்கணும்” என்று டாக்டர் என்னிடம் சொல்வார். எங்கள் தெருவில் பிறந்த குழந்தைகளுக்கு அன்றிலிருந்து திருஷ்டிப் பொட்டு கன்னத்தில் மட்டும்தான்.

அடக்கத்தன்று நாங்கள் நாலு பேரும் போனோம். கலைச்செல்வி இப்போது என்னைவிட உயரம். கிளினிக்குக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டு வாசலில் பந்தல். உள்ளே ஜெபப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். வரிசை சந்து முனை வரைக்கும் நின்றது. பாதிப் பேர் இடுப்பில் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் வெள்ளைப் புடவையில் டாக்டர் படுத்திருந்தார். கிறிஸ்தவர்கள் வழக்கப்படி இரண்டு கைகளுக்கும் வெள்ளைக் கையுறை போட்டு நெஞ்சின் மேல் வைத்திருந்தார்கள்.

மாமியாருக்கு இப்போது கண் மங்கல். பெட்டிக்குப் பக்கத்தில் போய் வெகு நேரம் குனிந்து பார்த்தார். மாலை போடுவார், கும்பிடுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கைகளையும் பெட்டியின் மேல் நீட்டினார். விரல்களை விரித்தார். ஒரு முறை திருப்பினார்.

“எப்பவும் நீதான் மொதல்ல காட்டுவ. இன்னிக்கு உன் கைய மூடி வெச்சிட்டாங்க” என்றார். “என் கைய பாத்துக்கோ தாயி. சுத்தமா கீது.”

பாட்டு ஒரு நிமிஷம் தடுமாறிப் பிறகு தொடர்ந்தது. என் கணவர் கையை நீட்டினார், இந்த முறை பாக்கெட்டில் தேட வேண்டியிருக்கவில்லை. கலைச்செல்வி நீட்டினாள். நானும் நீட்டினேன். எங்களுக்குப் பின்னால் நின்ற சின்னப் பெண் ஒருத்தி, யார் என்றே எனக்குத் தெரியாது, தன் கையை நீட்டிவிட்டு, இடுப்பிலிருந்த குழந்தையின் பாதத்தையும் கண்ணாடிப் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

போய் வாருங்கள் டாக்டர். எல்லாரும் காட்டிவிட்டோம்.